சொல்லுறவு கண்ட கால்டுவெல்

நுழையும்முன்

ஒலியால் ஒத்திருக்கும் இரண்டு சொற்கள் உறவுடையனவாக இருக்கலாம். உறவே இல்லாதனவாகவும் இருக்கலாம். ஒலியால் வேறுபட்டுத் தோன்றும் சொற்கள் ஒரே தாயின் மக்களாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவதற்கு உரிய நெறியைத் தென்னிந்திய மொழிகளில் நிலைநிறுத்தியவர், அயல்நாட்டிலிருந்து வந்து தமிழ் மண்ணிலேயே அடங்கிய ஓர் அறிஞர். அவருடைய வாழ்வையும் அவர் கண்ட நெறியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு சொல், பல பொருள்

திருப்பூர் மாவட்டத்தில் உள்ள அவிநாசி, சுந்தரர் தேவாரம் பெற்ற திருத்தலம். முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்டுத் தந்த வரலாற்றால் புகழ்பெற்றது. அத்தலத்தின் பழம்பெயர் திருப்புக்கொளியூர். அவிநாசி என்பது அங்கு எழுந்தருளியுள்ள இறைவனின் பெயர். அழிவில்லாதவன் என்று பொருள்படும் வடசொல் அது. காலப்போக்கில் இறைவன் பெயரே தலத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பழம்பெயரில் இருந்த ‘ஊர்’ என்னும் தமிழ்ச்சொல் மறைந்தது. எனினும் அவிநாசியைச் சுற்றிப் பார்த்தால் சேவூர், கருவலூர், தெக்கலூர், அன்னூர், திருப்பூர், கோயம்புத்தூர் எனத் திரும்பிய பக்கமெல்லாம் அச்சொல் நிற்பதைக் காணலாம்.

தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டினாலும் அச்சொல் நம்முடன் வருகிறது. ஆந்திரத்தில் நெல்லூரும் குண்டூரும், கருநாடகத்தில் மங்களூரும், கேரளத்தில் திருச்சூரும் கண்ணூரும் உள்ளன. தெலுங்கரும் கன்னடரும் துளுவரும் ‘ஊரு’ என்று சொல்லும்போது நாம் கருதும் பொருளையே கருதுகின்றனர்.

இன்னும் தொலைவு சென்றால் நிலைமை மாறுகிறது. ஹங்கேரி மொழியில் ‘ஊர்’ என்றால் தலைவன், ஐயா என்று பொருள். ஜெர்மன் மொழியில் ஏறக்குறைய இதே ஒலியுடைய சொல் கடிகாரத்தைக் குறிக்கிறது. ஸ்பெயின் நாட்டின் வடக்கே வாழும் பாஸ்கு மக்களுக்கு ‘உர்’ என்பது தண்ணீர். துருக்கியருக்கு அதுவே உடலில் தோன்றும் கட்டி. மெசபடோமியாவின் தொன்மையான நகரம் ஒன்றையும் ‘ஊர்’ என்றே வரலாற்று நூல்கள் குறிக்கின்றன.

இவற்றைக் கேட்டவுடன் உள்ளத்தில் வினாக்கள் எழும். மெசபடோமிய நகரத்திற்குப் பெயரிட்டோர் தமிழரோ? தலைவனைக் குறிக்கும் சொல் ஊர்த்தலைவன் என்பதிலிருந்து பிறந்ததோ? இத்தகைய வினாக்களுக்கு ஆர்வம் விரைந்து விடை சொல்லிவிடும். ஆனால், அறிவு அவ்வாறு விரைவதில்லை. அந்த நகரத்தைச் சுமேரியர் ‘ஊரிம்’ என்றே வழங்கினர். ஜெர்மானியரின் கடிகாரச்சொல், பொழுதைக் குறிக்கும் ‘ஹோரா’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து தேய்ந்து வந்தது. பழைய வடிவங்களைத் தேடிச் சென்றால் ஒற்றுமை கலைந்துவிடுகிறது. அவ்வாறாயின், தெலுங்கு ‘ஊரு’ம் தமிழ் ‘ஊரு’ம் மட்டும் உறவுடையன என்று எவ்வாறு உறுதியாகக் கூறுவது? இவ்வினாவுக்குச் சான்றுகளுடன் விடை தேடுவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவரே இராபர்ட் கால்டுவெல்.

இளமையும் கல்வியும்

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில், ஆன்ட்ரிம் பகுதியில் உள்ள கிளாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். அவர் சிறுவராக இருந்தபோதே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் ஓவியக்கலையில் நாட்டம் கொண்டு டப்ளின் நகரில் பயின்றார். பின்னர்ச் சமயப்பணியே தமக்குரியது எனத் துணிந்து கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய டேனியல் சாண்ட்ஃபோர்டு நடத்திய வகுப்புகள் அவருடைய உள்ளத்தில் மொழியொப்பீட்டு ஆர்வத்தை விதைத்தன.

ஐரோப்பாவில் அது மொழியாராய்ச்சி தழைத்த காலம். வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரே மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்று 1786ஆம் ஆண்டு வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் எடுத்துரைத்திருந்தார். ஆனால், தென்னிந்திய மொழிகளைப் பற்றிய தெளிவு அன்றைய அறிஞர் பலரிடம் இல்லை. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் வடசொற்கள் மிகுதியாகக் கலந்திருப்பதைக் கண்டு, இம்மொழிகள் அனைத்தும் வடமொழியிலிருந்து பிறந்தவை என்றே அவர்கள் எண்ணினர். சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் என்னும் தமிழறிஞர், 1816ஆம் ஆண்டு வெளிவந்த தெலுங்கு இலக்கண நூலொன்றின் முன்னுரையில் இக்கருத்தை மறுத்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு, இவை தனி இனத்தைச் சேர்ந்தவை எனக் காட்டினார். ஆயினும் 1819ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தமையால் அப்பணி தொடக்கநிலையிலேயே நின்றது.

இலண்டன் சமயத் தொண்டர் சங்கத்தின் சார்பில் கால்டுவெல் ‘மேரி ஆன்’ என்னும் கப்பலில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றுடன் நேர்ந்த மோதலிலிருந்து அக்கப்பல் தப்பியது. தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டு புரிந்த சி. பி. பிரௌன் அதே கப்பலில் உடன்வந்தார். தென்னாட்டு மொழியொன்றில் ஆழ்ந்த புலமையுடைய ஒருவரின் நட்பு, தமிழ் மண்ணை மிதிக்கும் முன்னரே கால்டுவெல்லுக்கு வாய்த்தது. 1838ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் அவர் சென்னையை அடைந்தார். மூன்றாண்டுகளுக்கு மேல் அங்குத் தங்கித் தமிழ் பயின்றார்.

கொங்கு கடந்த நடைப்பயணம்

1841ஆம் ஆண்டு நற்செய்தி பரப்புக் கழகத்தில் இணைந்த கால்டுவெல், திருநெல்வேலிச் சீமையில் பணிபுரியப் புறப்பட்டார். மக்களின் வாழ்வையும் பேச்சையும் நேரில் அறிய விரும்பி நெடுவழியைக் காலால் நடந்தே கடந்தார். சிதம்பரம், மயிலாடுதுறை, தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைக் கண்டபின் மேற்கு நோக்கித் திரும்பினார். கொங்கு நிலத்தைக் கடந்து நீலகிரி மலையேறினார். உதகையில் ஆயர் ஸ்பென்சர் அவருக்குக் குருப்பட்டம் வழங்கினார். பின்னர் மதுரை வழியாகத் தெற்கே நடந்து, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியைச் சென்றடைந்தார்.

அவர் கடந்து சென்ற கொங்கு நாடு, மொழியாராய்ச்சிக்குத் திறந்து வைத்த ஏடு போன்றது. அதன் வடக்கே மைசூர் நாட்டின் கன்னடம் தொடங்குகிறது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளம் வந்து கலக்கிறது. தெலுங்கு பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் கொங்கு ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். நீலகிரியில் தோடர், கோத்தர், இருளர், படகர் ஆகியோரின் மொழிகள் ஒலிக்கின்றன. எழுத்து வடிவம் பெறாத தோடா, கோத்தா மொழிகளும் பின்னாளில் கால்டுவெல்லின் நூலில் இடம்பெற்றன.

ஒரே சொல் பொருள் மாறும் விந்தையையும் இப்பகுதியில் காணலாம். காங்கேயம் மாடுகளுக்குப் பெயர்பெற்ற கொங்கு நாட்டில் ‘மாடு’ என்றால் கால்நடை. பண்டைத் தமிழில் அதற்குச் செல்வம் என்ற பொருளும் பக்கம் என்ற பொருளும் உண்டு. சத்தியமங்கலம் மலையைக் கடந்து கன்னட நாட்டுக்குள் சென்றால் ‘மாடு’ என்பது ‘செய்’ என்னும் ஏவல் வினையாகிவிடுகிறது. அண்டை வீட்டார் போல வாழும் இரண்டு மொழிகளில், ஒரே ஒலியுடைய இரண்டு சொற்கள் தம்முள் தொடர்பின்றி வழங்குகின்றன.

இடையன்குடியில்

இடையன்குடி, பனைகள் மிகுந்த தேரிக்காட்டுச் சிற்றூர். கால்டுவெல் அங்குத் தெருக்களை ஒழுங்குபடுத்தினார், கிணறுகள் வெட்டினார், பள்ளிகள் நிறுவினார். 1844ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பணிபுரிந்த மால்ட் பாதிரியாரின் மகள் எலைசாவை மணந்தார். தென்தமிழ் மண்ணில் வளர்ந்த எலைசா தமிழை இயல்பாகப் பேசினார். பெண்களுக்குக் கல்வியும் பின்னல் வேலையும் கற்பித்து, அவர்கள் வருவாய் ஈட்ட வழிசெய்தார்.

1847ஆம் ஆண்டு கால்டுவெல் தொடங்கிய தேவாலயப் பணி 1880ஆம் ஆண்டில்தான் நிறைவுற்றது. முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு கட்டடத்திற்காகக் காத்திருந்த அதே பொறுமையை அவர் மொழியாராய்ச்சியிலும் காட்டினார். பகலில் சமயப்பணி, எஞ்சிய பொழுதில் நூலாய்வு. தமிழோடு பிற தென்மொழிகளின் இலக்கணங்களையும் சொற்களையும் ஒப்பிட்டுக் குறிப்புகளைச் சேர்த்தார். வெயிலும் ஓயாத உழைப்பும் அவருடைய உடல்நலத்தைக் கெடுத்தன. 1854ஆம் ஆண்டு ஓய்வுக்காகத் தாயகம் சென்றபோதும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. சேர்த்துவைத்த குறிப்புகள் 1856ஆம் ஆண்டு இலண்டனில் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ என்னும் நூலாக வெளிவந்தன.

உறவை அறியும் முறை

இரண்டு மொழிகளில் ஒத்த ஒலியுடைய சொற்கள் காணப்படுவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, தற்செயல். மனித நாவு எழுப்பும் ஒலிகள் அளவுக்குட்பட்டவை. உலக மொழிகளோ பல்லாயிரம். எனவே, ஓரிரண்டு ஒலிகளால் ஆன குறுஞ்சொற்கள் வெவ்வேறு மொழிகளில் ஒத்து அமைவது இயல்பே. சொல் குறுகக் குறுகத் தற்செயலுக்கு இடம் மிகும். ஹங்கேரியின் ‘ஊர்’ இவ்வகையது.

இரண்டாவது, கடன். வணிகத்தாலும் சமயத்தாலும் ஆட்சியாலும் சொற்கள் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் செல்கின்றன. எபிரேய மறையில் மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் ‘துகி’ என்னும் சொல், தமிழின் ‘தோகை’யிலிருந்து கடல்வணிகத்தின் வழியே சென்றது என்று கால்டுவெல் கருதினார். தென்மொழிகளில் காணப்படும் வடசொற்களும் இவ்வாறு வந்தவையே. கடன் வாங்கியதால் எந்த மொழியும் மற்றொன்றின் சேய் ஆகிவிடாது. புக்கொளியூருக்கு வடமொழிப் பெயர் வந்தபோதும் அங்கு வாழ்ந்தோர் தமிழிலேயே பேசியது போல, சொல் மாறினும் மொழியின் அமைப்பு மாறுவதில்லை.

மூன்றாவது, பிறப்புறவு. ஒரே மூலமொழியிலிருந்து பிரிந்த மொழிகளுக்கிடையே உள்ள ஒற்றுமை இது. இதனை ஒரு சொல்லைக்கொண்டு மெய்ப்பிக்க இயலாது. எளிதில் கடன் பெறப்படாத மூவிடப்பெயர்கள், எண்ணுப்பெயர்கள், வேற்றுமை உருபுகள், வினை விகுதிகள், அன்றாட வாழ்வின் அடிப்படைச் சொற்கள் ஆகியவை ஒருங்கே ஒத்திருக்க வேண்டும். கால்டுவெல் தம் நூலை இந்த அடித்தளத்தின் மீதே எழுப்பினார்.

‘நீ’ என்னும் ஓரெழுத்துச் சொல் இதற்குத் தக்க சான்று. சீன மொழியிலும் முன்னிலை ஒருமையை ‘நீ’ என்றே குறிக்கின்றனர். ஸ்வீடன் மக்கள் ‘நீங்கள்’ என்பதை ‘நி’ என்கின்றனர். ஒலியோடு பொருளும் ஒத்திருந்தபோதிலும் இவை தமிழுக்கு உறவல்ல. ஸ்வீடிய வடிவம், வினைச்சொல்லின் இறுதியில் நின்ற நகர ஒலி பெயரோடு ஒட்டியதால் பிற்காலத்தில் உருவானது. தென்மொழிகளின் நிலை வேறு. தமிழில் ‘நீ’ என்பது உருபேற்கும்போது ‘நின்’ ஆகிறது. மலையாளத்தின் ‘நீ’யும் ‘நின்’ எனத் திரிகிறது. கன்னடத்தின் ‘நீனு’, ‘நின்ன’ எனவும் தெலுங்கின் ‘நீவு’, ‘நின்னு’ எனவும் வருகின்றன. சொல் மட்டுமன்றி அது திரியும் முறையும் ஒத்திருக்கிறது. இத்தகைய ஒற்றுமை தற்செயலாக அமைவது அரிது, கடனாகவும் வருவதில்லை.

ஒலி மாற்றத்திற்கும் ஒழுங்கு உண்டு. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பலவும் கன்னடத்தில் ஹகரம் பெறுகின்றன. ‘பால்’ என்பதும் ‘ஹாலு’ என்பதும் செவிக்கு வேறுபட்டு ஒலிக்கும்; ஆயினும் அவை உடன்பிறப்புகள். ‘மாடு’ என்பது இரு மொழியிலும் ஒன்றாகவே ஒலிக்கும். ஆயினும் அவை அயலார். ஒலியொற்றுமை வேறு, உறவு வேறு என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது.

தெரிந்து தெளிவோம்

தமிழ் – கன்னடம்
பால் – ஹாலு
பல் – ஹல்லு
பத்து – ஹத்து
புலி – ஹுலி
செவி – கிவி
செம்மை – கெம்பு

முதல் நான்கு இணைகளில் பகரம் ஹகரமாகிறது. இறுதி இரண்டில் கன்னடத்தின் ககரம் தமிழில் சகரமாக நிற்கிறது. ஒரே மாற்றம் பல சொற்களில் ஒழுங்காக நிகழ்வதே பிறப்புறவின் அடையாளம்.

நூலும் அதன் எல்லையும்

தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு போன்ற பண்பட்ட மொழிகளோடு காட்டிலும் மலையிலும் வாழ்வோர் பேசும் மொழிகளையும் கால்டுவெல் சமமாக மதித்து ஆராய்ந்தார். 1875ஆம் ஆண்டு வெளிவந்த விரிவான இரண்டாம் பதிப்பில் குடகு, தோடா, கோத்தா, கோண்டி, கூயி, ஓரான், இராசமகால் மொழிகள் உட்படப் பன்னிரண்டு மொழிகளைத் திராவிட மொழிகள் எனத் தொகுத்துக் காட்டினார். தொலைவில் பலுசிஸ்தானத்தில் வழங்கும் பிராகுயி மொழியிலும் திராவிடக் கூறு இருப்பதைச் சுட்டினார். இம்மொழிகள் வடமொழியின் வழிவந்தவை அல்ல. தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் உண்மை இந்நூலால் உலக அறிஞர் அவையில் நிலைபெற்றது. வடசொற்களின் துணையின்றியே தமிழ் இயங்க வல்லது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

எனினும் அவர் கண்ட முடிவுகள் அனைத்தும் நிலைத்து நிற்கவில்லை. ஃபின்னிஷ், ஹங்கேரி, துருக்கி, மங்கோலியம் முதலிய மொழிகளை உள்ளடக்கிய ‘சித்திய’ இனத்தோடு திராவிட மொழிகளுக்கு நெருங்கிய உறவு உண்டு என அவர் கருதினார். அம்மொழிகளிலும் தமிழைப் போலவே பகுதியோடு ஒட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்கின்றன என்பது அவரைக் கவர்ந்தது. ஆனால், அமைப்பால் ஒத்திருப்பது வேறு; பிறப்பால் ஒன்றியிருப்பது வேறு. கன்னடத்திற்கும் தமிழுக்கும் இடையே காணப்பட்டது போன்ற ஒழுங்கான ஒலித்தொடர்பு அங்கு நிறுவப்படவில்லை. எனவே, பின்வந்த அறிஞர்கள் அக்கருத்தை ஏற்கவில்லை. ஒற்றுமையைக் கண்டவுடன் உறவு என நம்ப விழையும் மனம், நெறியை வகுத்தவரையும் விட்டுவைக்கவில்லை. அவருடைய முடிவைத் திருத்துவதற்கு அவர் கையாண்ட ஒப்பீட்டு நெறியே துணைநின்றது என்பதுதான் அந்நெறியின் பெருமை.

நிறைந்த வாழ்வு

1877ஆம் ஆண்டு கால்டுவெல் ஆயராக உயர்த்தப்பெற்றார். விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தும் குழுவிலும் பணியாற்றினார். பாண்டியரின் பழந்துறைமுகமான கொற்கையில் அகழ்ந்து ஆராய்ந்தார். 1881ஆம் ஆண்டு திருநெல்வேலி வரலாற்றை நூலாக வெளியிட்டார். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கி அவருடைய புலமையைச் சிறப்பித்தது. முதுமையிலும் தாயகம் திரும்பி வாழ அவர் எண்ணவில்லை. 1891ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் இயற்கை எய்தினார். அவரது உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, அவர் முப்பத்துமூன்று ஆண்டுகள் உழைத்து எழுப்பிய இடையன்குடித் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

தமிழின் தொன்மைக்கும் தனித்தன்மைக்கும் சான்று தேடுவோர் இன்றும் பலர். உலக மொழிகள் பலவற்றிலும் தமிழ்ச்சொல்லைக் கண்டதாக மகிழ்வோரும் உளர். மொழிப்பற்று போற்றத்தக்கதே. ஆயினும் தமிழின் தனித்தன்மையை உலகம் ஏற்றது, ஒலியொற்றுமைகளைக் குவித்துக் காட்டியதனால் அன்று. தற்செயலையும் கடனையும் விலக்கி, எஞ்சியதை மட்டும் சான்றாக முன்வைத்த நேர்மையினாலேயே. ஒத்த சொல்லொன்றைக் காணும்போது அதன் பழைய வடிவம் யாது, அது கடனாக வந்ததா, அதே ஒழுங்கு வேறு சொற்களிலும் உண்டா என வினவிப் பார்த்தல் வேண்டும். இவ்வினாக்களுக்கு விடை கிடைக்கும்வரை முடிவுக்கு வராதிருப்பதே கால்டுவெல்லின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

புக்கொளியூர் என்னும் பெயர் வழக்கிலிருந்து மறைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவிநாசிப் பேருந்து நிலையத்தில் இருவர் சந்தித்தால், எந்த ஊர் என்றே இன்றும் கேட்டுக்கொள்கின்றனர். நெல்லூரிலும் மங்களூரிலும் அவ்வாறே அச்சொல் மக்கள் நாவில் வழங்குகிறது. பல நாட்டு மொழிகளில் பல பொருள்பட ஒலிக்கும் அக்குறுஞ்சொல், இவ்வூர்களில் மட்டும் ஒரே பொருளில் ஒலிப்பதன் காரணத்தை இன்று நாம் தெளிவாக அறிவோம்.